எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை: உல்லாசப் படகுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டுக்காடு, கோவளம் பக்கம் உல்லாசப் படகுகளின் அவுட்போர்டு எஞ்சின்களை, அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்களை, பழுதுபார்ப்பது என் தொழில். வாரக் கடைசியில் குடும்பத்தோடு சுற்றுவதற்காகப் பழைய ஃபைபர் படகை வாங்கியவர்களும், அவர்களுக்கு வேலை பார்க்கும் இளம் மெக்கானிக்குகளும் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "இழுவை இல்லை." இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டால், தொழில் பழகிய நாட்களில் நாங்கள் அடித்த கூத்துகள் ஒன்றுவிடாமல் வரிசையாக வருகின்றன. காலம் மாறினாலும் தவறுகள் மாறவில்லை.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு மாட்டியிருக்கிறதா என்பவற்றையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைப் பார்க்கத் தெரியாதவர் படகை எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பார்க்காமல் ஸ்பானரை எடுப்பது

இழுவை இல்லை என்ற ஒரே புகாருக்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியும் படகு போகவில்லை என்றால், எஞ்சினுக்கும் தண்ணீருக்கும் நடுவில் எங்கோ சக்தி வீணாகிறது. புரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர் ஹப், புரொப்பெல்லருக்குள் புகும் காற்று, கியர் ஆகியவற்றை அப்போது பார்க்க வேண்டும். வேகத்தைக் கூட்டும் லீவரை முழுவதும் தள்ளியும் எஞ்சின் சுற்ற மறுக்கிறது என்றால், ஒன்று எஞ்சினில் சக்தி இல்லை, அல்லது சுமை மிஞ்சிவிட்டது. பெட்ரோல், பிளக், முழுதாகத் திறக்காத ஆக்சிலேட்டர் கேபிள், அடிப்பலகையில் ஒட்டி வளர்ந்த சிப்பிகள், தளத்தின் அடியில் யாரும் கவனிக்காமல் தேங்கிய தண்ணீர் என்று தேடல் அந்தப் பக்கம் போக வேண்டும்.

இந்தப் பிரிவினையைச் செய்யாமல் வேலையைத் தொடங்குபவர், வாசல் எது என்று தெரியாத வீட்டில் ஜன்னல் ஜன்னலாகத் தட்டுகிறவர்தான். நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் பலவற்றுக்கு, லீவரை முழுவதும் தள்ளிய நிலையில் 5000 முதல் 6000 ஆர்பிஎம் வரை வர வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். உங்கள் எஞ்சினுக்கு உரிய எண்ணை முதலில் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கும் உதவும். 17 அங்குலப் பிட்ச் உள்ள புரொப்பெல்லர், வழுக்கலே இல்லாவிட்டால், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 43 செ.மீ. முன்னேறும். எஞ்சின் 5500 ஆர்பிஎம்மில் ஓடுகிறது, கியர் விகிதம் 2:1 என்றால் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2750 முறை சுற்றுகிறது. மணிக்கு 71 கி.மீ. வர வேண்டும். தண்ணீரில் 10 முதல் 15 விழுக்காடு வரை வழுக்கல் இயல்பு. அதைக் கழித்தால் 60-க்கு மேல் வர வேண்டும். கைப்பேசியின் ஜிபிஎஸ் 35 என்று காட்டினால், எங்கோ ஏதோ வழுக்கிக்கொண்டிருக்கிறது. இவ்வளவையும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் தெரிந்துகொள்ளலாம்.

"கியர்பாக்ஸ் போய்விட்டது" என்று முடிவு கட்டுவது

என்னை இன்னமும் எரிச்சலூட்டும் தவறு இது. பணத்தையும் சீசனையும் சேர்த்துத் தின்கிறது.

60 குதிரைத்திறன் எஞ்சின் பூட்டிய ஒரு படகு. மெதுவாகப் போகும்வரை எந்தக் குறையும் இல்லை. லீவரைத் தள்ளியதும் படகின் மூக்கு எழும்பும், எஞ்சின் திடீரென்று வீறிட்டுக் கத்தும், மூக்கு மறுபடி உட்கார்ந்துவிடும். லீவரை இழுத்துவிட்டால் பழையபடி அமைதியாக நகரும். பார்த்த மெக்கானிக் பையன் கெட்டிக்காரன்தான், ஆனால் அவசரக்காரன். கியர் பல் தேய்ந்து நழுவுகிறது என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டான். கீழ்ப்பகுதியைக் கழற்றிப் பிரித்தான். பற்கள் புதுசு போல இருந்தன. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "பல் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணா, எதற்கும் மாற்றிவிடலாம்" என்று உரிமையாளரிடம் சொல்லி கியர் செட்டுக்கு ஆர்டர் கொடுத்தான். அது வந்து சேரும்வரை வாரக்கணக்கில் படகு தென்னை மரத்தடியில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. புதுக் கியர், புது சீல், புது ஆயில் எல்லாம் போட்டுத் தண்ணீரில் இறக்கினார்கள். லீவரைத் தள்ளினார்கள். அதே கத்தல்.

அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். புரொப்பெல்லரின் நடுவில், ஷாஃப்ட்டின் வரிப்பல்லில் உட்காரும் ஓர் உலோகக் குழலுக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே ரப்பர் ஒன்று இறுக்கி அடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கியர் விழும்போது வரும் உதறலையும், மணல்திட்டில் மோதும் அடியையும் வாங்கிக்கொள்வதற்காக வைத்தது அது. வயதாகியோ அடிபட்டோ பிடி விட்டுப்போனால், குறைந்த வேகத்தில் அந்த ரப்பர் பிடித்துக்கொள்ளும். சுமை ஏறியதும் வழுக்கும். எஞ்சினும் கியரும் ஷாஃப்ட்டும் ஒழுங்காகச் சுற்ற, புரொப்பெல்லர் மட்டும் பின்தங்கும். சின்ன எஞ்சின்களில் இந்த ரப்பருக்குப் பதிலாக ஒரு மெல்லிய பின் இருக்கும். அது முறிந்தால் இழுவை அடியோடு போய்விடும், அதனால் குழப்பம் வராது. ரப்பர் ஹப்தான் பாதி வேலை செய்து ஆளை ஏமாற்றுகிறது.

இதைக் கண்டுபிடிக்க வேண்டியது ஒரு பெயிண்ட் பேனா. முதலில் பாதுகாப்புக் கயிற்றை எடுத்துவிடுங்கள், பிளக் ஒயர்களையும் கழற்றிவிடுங்கள். புரொப்பெல்லரில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்யாதவரோடு நான் வேலை செய்வதில்லை. புரொப்பெல்லரின் பின்முகத்தைத் தின்னரால் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். நட்டின் மேல் தொடங்கி, ரப்பருக்கு வெளியே இருக்கும் புரொப்பெல்லர் கூட்டின் விளிம்பு வரை ஒரே நேர்கோடு இழுங்கள். நன்றாகக் காய விடுங்கள். கழற்றியதையெல்லாம் மாட்டி, தண்ணீருக்குள் போய், கத்தல் வரும்வரை லீவரைத் தள்ளி, சில முறை ஓட்டிவிட்டுக் கரைக்கு வாருங்கள். கோடு ஒரே கோடாக இருந்தால் ஹப் நலம். நட்டின் மேல் உள்ள பாதி ஓரிடத்திலும் விளிம்பில் உள்ள பாதி வேறிடத்திலும் நின்றால் ஹப் வழுக்கிவிட்டது. அந்தப் படகில் இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் நின்றன. பையன் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். உரிமையாளர் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையால் புரொப்பெல்லரைத் திருகிப் பார்த்துவிட்டு "இறுக்கமாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது பயனில்லை. எஞ்சின் கொடுக்கும் முறுக்கு விசையைக் கையால் கொடுக்க முடியாது. பக்கத்தில் அதே எஞ்சின் பூட்டிய படகு நின்றால் அதன் புரொப்பெல்லரைக் கேட்டு வாங்கி மாட்டிப் பார்க்கலாம். அதில் இழுவை வந்துவிட்டால் விஷயம் முடிந்தது.

உண்மையிலேயே கியர் கெட்டிருந்தால் அது சத்தம் போடும். முன்னோக்கிச் செல்லும் கியரில் கிளட்ச் நழுவினால் கடகடவென்று அடிக்கும், படகின் தரை வழியாகக் காலுக்கே தெரியும். ஹப் வழுக்கும்போது எஞ்சின் மட்டும் வழவழப்பாக வேகமெடுக்கும், உலோகச் சத்தம் வராது. சில சமயம் ரப்பர் கருகிய வாசனை வரும். இன்னும் சந்தேகமா? கியர்பாக்ஸின் கீழ்த்திருகைத் திறந்து கொஞ்சம் கியர் ஆயிலை இறக்கிப் பாருங்கள். காந்தத் திருகில் மைபோன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். உலோகச் சில்லுகள் வந்தால்தான் கவலை. ஆயில் வெளுத்துக் குழம்பியிருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது.

அந்தப் படகின் கதை ஹப்போடு முடியவில்லை. கியர்களின் இடைவெளியைச் சரிசெய்ய உள்ளே ஷிம் எனப்படும் மெல்லிய வளையங்கள் வைத்திருப்பார்கள். எது எங்கே இருந்தது என்று குறிக்காமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுவைத்து, பிறகு கண்மதிப்பில் மாட்டியிருக்கிறான் பையன். அளவுக் கருவி வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. அந்த சீசன் முடிவதற்குள் கியர் ஆயிலோடு பளபளக்கும் துகள்கள் வர ஆரம்பித்தன. ஹப்பை மாற்றுவதற்கு ஆகும் செலவு, கியர் செட்டின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. நன்றாக இருந்த கியர்பாக்ஸைத் திறந்து அதற்கு ஒரு கோளாறையும் உண்டாக்கிய பிறகு, இரண்டு செலவும் சேர்ந்து வந்தன.

வழுக்கும் ஹப்பில் போல்ட் அடிப்பது

லேத் பட்டறையில் துளை போட்டு போல்ட் இறுக்கிக் கொடுப்பார்கள், சில இடங்களில் வெல்டிங்கே வைத்துவிடுவார்கள். இழுவை பிரமாதமாக இருக்கும். முகத்துவார மணல்திட்டில் அடுத்த முறை தட்டும்போது, ரப்பர் வாங்க வேண்டிய அடியைக் கியர் பல் வாங்கும்.

தரையில் ஓட்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது

டிரெய்லரில் வைத்து, ஹோஸ் பைப் மாட்டி முறுக்கினால் எல்லா எஞ்சினும் சிங்கம்தான். சுமை இல்லாத இடத்தில் இழுவையைச் சோதிக்க முடியாது. ஹோஸ்கூட இல்லாமல் ஓட்டினால், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் சுழலி (இம்பெல்லர்) நொடிக்கணக்கில் கருகத் தொடங்கும்.

காற்றைக் கணக்கில் எடுக்காதது

பெயிண்ட் கோடு நகரவில்லை, ஆனாலும் கத்துகிறது என்றால் புரொப்பெல்லர் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து விழுங்குகிறதா என்று பாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு ஏறக்குறைய படகின் அடிமட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். பழைய எஞ்சினை எடுத்து வேறு படகில் மாட்டுகிறவர்கள் ஷாஃப்ட்டின் நீளத்தைப் பார்ப்பதே இல்லை. 20 அங்குல உயரப் பின்பலகையில் 15 அங்குல எஞ்சினை மாட்டிவிட்டு, திருப்பத்தில் பிடி விடுகிறது என்கிறார்கள். விடாமல் என்ன செய்யும்? எஞ்சினை முழுவதும் உள்ளே சாய்த்து, நேராக ஓட்டிப் பாருங்கள். பிடி திரும்பி வந்தால் காற்றுதான் காரணம். மீன் காட்டும் கருவியின் சென்சாரைப் புரொப்பெல்லருக்கு நேர் முன்னால் திருகி வைத்திருந்தாலும், அதன் பின்னால் எழும் குமிழிகள் இதே வேலையைச் செய்யும்.

அதற்கும் முன்னால், எஞ்சினைத் தூக்கி ஒருமுறை பாருங்கள். நம் கழிமுகத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் பை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தால் போதும்.

பெட்ரோல் பஞ்சத்துக்குக் கார்புரேட்டரைக் குடைவது

இது சுற்ற மறுக்கும் எஞ்சினுக்கான கதை. தொடக்கத்தில் நன்றாக ஓடி, சில நிமிடங்களில் மூச்சு வாங்கினால், டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைப் பாருங்கள். அது ஒட்டிச் சுருங்கியிருந்தால் அதற்கு முன்னால் அடைப்பு இருக்கிறது. பெரும்பாலும் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்காததுதான். பல்ப் தொளதொளவென்று இருந்தால் குழாய் இணைப்பு வழியே காற்று இழுக்கிறது. எஞ்சின் தளரும் நேரத்தில் வேறொருவரைவிட்டுப் பல்பை அமுக்கச் சொல்லுங்கள். வேகம் திரும்பினால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுவதும் டேங்கில் கிடந்ததை ஊற்றி ஓட்டாதீர்கள், ஃபில்டரின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றுக்கெல்லாம் பிறகுதான் கார்புரேட்டர்.

அலாரம் அடித்துக்கொண்டே எஞ்சின் சுமார் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற மறுத்தால் அது கோளாறு அல்ல, தற்காப்பு. பெரும்பாலும் சூடு ஏறியதால் எஞ்சின் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்திருக்கும். மணல் கலங்கிய உப்பங்கழியில் இம்பெல்லர் வேகமாகத் தேயும்.

சின்னப் பிட்ச் மாட்டிச் சமாளிப்பது

பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் ஆர்பிஎம் ஏறக்குறைய 150 முதல் 200 வரை கூடும். ஒரு சிலிண்டர் செத்துக்கிடக்கும் எஞ்சினிலும் எண் அழகாகத் தெரியும். ஆர்பிஎம் குறைந்ததற்குக் காரணம் தெரிந்த பிறகு புரொப்பெல்லரை மாற்றுங்கள்.

தூண்டில் நரம்பைப் பார்க்காதது

நட்டைக் கழற்றி, புரொப்பெல்லரை உருவி, ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தைப் பாருங்கள். சுற்றிய நைலான் நரம்பு சூட்டில் உருகி சீலின் உதட்டை அறுக்கும். அங்கிருந்துதான் தண்ணீர் கியர் ஆயிலுக்குள் போகிறது.

வாஷரை மறப்பது

புரொப்பெல்லரோடு சேர்ந்து வரும் கனமான வாஷர், எஞ்சினைத் தள்ளும் முழு விசையையும் தாங்குவது. கழற்றும்போது கிரீஸில் ஒட்டி எங்கேயோ போய்விடும். அது இல்லாமல் மாட்டினால் புரொப்பெல்லர், கியர்பாக்ஸ் கூட்டிலேயே உரசும். நட்டைப் பூட்டும் காட்டர் பின்னையும் புதிதாகப் போடுங்கள்.