கனடாப் போனும் லண்டன் போனும்: கதிர்வீச்சுக் கணக்கில் நாங்கள் விடும் பிழைகள்

கொக்குவிலில் ஒரு கலியாண வீடு. பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த மாமி ஒருவர் என் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது லண்டன் போனே? கனடாப் போன்தான் நல்லதாம். லண்டன் போனிலை கதிர் கூட எண்டு மகன் சொன்னவன்."

மகன் பார்த்த எண்கள் சரி. தலைக்கும் உடலுக்கும் கனடாவில் எல்லை கிலோவுக்கு 1.6 வாற்று, பிரித்தானியாவில் 2 வாற்று. முடிவுதான் பிழை. போனின் அலைகளை உடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைச் சொல்லும் இந்த எண்ணுக்கு 'சார்' என்று பெயர். கனடா, அமெரிக்கா, இந்தியா போன்ற நாடுகள் 1 கிராம் தசைக்குச் சராசரி எடுக்கின்றன. பிரித்தானியாவும் பிரான்சும் 10 கிராமுக்கு எடுக்கின்றன. சிறு துண்டில் அளந்தால் உச்சமான இடம் அப்படியே தெரியும். பெரிய துண்டில் அது பரவிக் குறைந்துவிடும். ஒரே போனுக்கே இரண்டு முறையிலும் இரண்டு எண் வரும். முழக்கணக்கையும் அடிக்கணக்கையும் பக்கத்தில் வைத்து எது நீளம் என்று கேட்கிற மாதிரித்தான் இது.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, எண் குறைந்த போனைத் தேடி வாங்குவது. பல போன்களில் *#07# என்று அழுத்தினால் அந்த எண் தெரியும். அது ஆய்வுகூடத்தில் போனை உச்ச வலுவில் இயக்கி அளந்தது. அன்றாடம் போன் எவ்வளவு வலுவில் பேசும் என்பதைத் தீர்மானிப்பது சிக்னல். ரவர் கிட்ட இருந்தால் 4ஜி போன் தன் உச்ச வலுவான ஏறத்தாழ 0.2 வாற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிப் பேசும். தூரத்தில் இருந்தால் கத்திப் பேசும். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறிப் பாருங்கள். கரை விலக விலகச் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய் விழும், சட்டைப் பையில் போன் சுடத் தொடங்கும், பற்றறி மளமளவென்று இறங்கும். எண் குறைந்த போனைக் காதோடு ஒட்டி அந்த நடுக்கடலில் அரை மணித்தியாலம் பேசுகிறவர், எண் கூடிய போனில் யாழ். பஸ் நிலையத்தில் நின்று பேசுகிறவரைவிடக் கூடுதலாகக் கதிர் வாங்கக்கூடும். கோடு ஒன்றோ இரண்டோ இருக்கும்போது கதையைச் சுருக்குங்கள், அல்லது ஸ்பீக்கரில் போடுங்கள். காதுக்கும் போனுக்கும் இடையில் ஒரு சாண் விட்டாலே அளவு சடுதியாய் விழுந்துவிடும்.

(போன் சுடுகிற அந்தச் சூடு, அலை காதைச் சுட்டதால் வருவதல்ல. பற்றறியும் உள்ளே இருக்கும் சுற்றுகளும் உழைக்கிற சூடு அது.)

எல்லைகள் வெறும் கடதாசி என்று நினைப்பதும் பிழை. 2023 செப்டெம்பரில் பிரான்ஸ் ஐபோன் 12இன் விற்பனையை நிறுத்தியது. கையில் பிடிக்கும்போதும் காற்சட்டைப் பையில் வைத்திருக்கும்போதும் கை கால்களுக்கு வரும் அளவுக்கான எல்லை கிலோவுக்கு 4 வாற்று. அங்கே அளந்தபோது 5.74 வந்தது. ஆப்பிள் மென்பொருளைத் திருத்த வேண்டி வந்தது. அந்த எல்லைகளுமே தீங்கு தொடங்கும் இடத்தில் போட்ட கோடுகள் அல்ல. தலைக்கும் உடலுக்குமான 2 வாற்று, பாதிப்பு வரலாம் என்று கருதப்படும் அளவின் பத்தில் ஒரு பங்கு.

அடுத்தது ரவர். எங்கள் ஊரில் ஆகப் பெரிய பயம் இதுதான். 2019இல் யாழ். நகரில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நடத் தொடங்கியபோது, 5ஜி வருகிறது என்று சனம் வீதிக்கு இறங்கியது. கேள்வி கேட்டது நியாயம். தங்கள் வாசலில் என்ன நடுகிறார்கள் என்று அறிய யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ரவரைத் தூரத் துரத்தினால் கதிர் குறையும் என்ற கணக்கு தலைகீழானது. ரவரின் அலை, தூரம் இரு மடங்கானால் நாலில் ஒன்றாகக் குறையும். அது விளக்கு வெளிச்சம் போலச் சுற்றிக் கொட்டுவதுமல்ல. பெரும்பாலும் கிடையாக முன்னே போகும், நேர் கீழே மிகக் குறைவு. ரவர் தூரப் போனால் உங்கள் காதோடு ஒட்டியிருக்கிற போன்தான் கூடக் கத்தும். மொட்டைமாடியில் ஏறி, அன்ரெனாவின் முகத்துக்கு முன்னே ஓரிரு மீற்றரில் நின்று வேலை செய்கிற பெயின்ற் அடிப்பவரும் டிஷ் பூட்டுகிறவரும்தான் உண்மையில் கவனிக்க வேண்டியவர்கள். அதை நிறுத்தச் சொல்லிவிட்டே அவர்கள் ஏற வேண்டும்.

கதிரைத் தடுக்கும் என்று விற்கிற ஸ்ரிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். அது அன்ரெனாவை மறைத்தால் போன் இன்னும் வலுவைக் கூட்டும்.

"உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் என்று சொல்லிவிட்டது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வரும். 2011இல் அதன் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்த அலைகளை 2பி வகையில் வைத்தது. 'புற்றுநோய் வரக்கூடும், உறுதியாய்ச் சொல்லச் சான்று போதாது' என்பதே அதன் பொருள். கற்றாழை முழு இலைச் சாறும் அதே வகையில்தான் இருக்கிறது. அந்த நிறுவனமே கேட்டுச் செய்வித்து 2024இல் வெளியான பெரிய மீளாய்வு, போன் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

இதயத்துடிப்புக் கருவி வைத்திருக்கிற அம்மம்மா, அப்பப்பா வீட்டில் இருந்தால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். போனை நெஞ்சுப் பையில் வைக்க விடாதீர்கள். கருவியிலிருந்து குறைந்தது 15 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கட்டும். பேசும்போது கருவி இல்லாத பக்கத்துக் காதில் பிடிக்கச் சொல்லுங்கள்.