200 கி.மீ. பி.ஆர்.எம்.முக்கு ஞாயிற்றுக்கிழமைக் குழுவோடு தயாராவது

பி.ஆர்.எம். என்பது குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் சைக்கிளில் ஓட்டி முடிக்கும் நிகழ்ச்சி. அதற்குத் தயாராகும் எங்கள் சைக்கிள் குழுவில் நான் ஸ்வீப். கடைசியாக வருபவர் யாரோ, அவருக்கும் பின்னால் ஓட்டிக்கொண்டு வருவதுதான் வேலை. அங்கிருந்து பார்க்கும்போது ஒன்று நன்றாகத் தெரியும்: 200 கி.மீ.யை நேரத்துக்குள் முடிக்க முடியாதவர்களில் பாதிப் பேர் நேரத்தை விடுவது ரோட்டில் இல்லை, டீக்கடையில்.

கணக்கைப் பாருங்கள். பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப்பின் விதிப்படி 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. இது பந்தயம் கிடையாது, முதலில் வந்தவருக்குக் கோப்பையும் கிடையாது. மணிக்கு 20 கி.மீ. ஓட்டினால் சைக்கிள் மேல் 10 மணி நேரம் போகும். மிச்சம் மூன்றரை மணிக்குள் சாப்பாடு, பஞ்சர், ஒதுங்குவது, கன்ட்ரோலில் (வழியில் வருகையைப் பதியும் இடம்) கையெழுத்து எல்லாம் முடிய வேண்டும். சீராக 20 போகிறவருக்கு அது தாராளம். 30-ல் பறந்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பொங்கல், வடை, காபி, செல்ஃபி என்று போகிறவருக்குத்தான் போதாது.

அதனால் முதலில் சரியான குழுவைப் பிடியுங்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? அதுதான் உங்கள் குழு. வேகக் குழுவில் ஒட்டிக்கொண்டு போய் முட்டுக்காடு பாலத்தில் கழன்று பின்தங்குபவர்களை வாராவாரம் நான்தான் பொறுக்கிக்கொண்டு வருகிறேன்.

சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர்., அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை, இருக்கவே இருக்கிறது. திருவான்மியூரில் தொடங்கிக் கோவளம் போய் வந்தால் சுமார் 50 கி.மீ., மாமல்லபுரம் என்றால் 90, கல்பாக்கம் 120, கூவத்தூர் தாண்டித் திரும்பினால் 150. ஒவ்வொன்றையும் இரண்டு வாரமாவது ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நடுவில் ஒரு வாரம் கோவளத்தோடு திரும்பி உடம்பை ஆறவிடுங்கள். 150-ஐ நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துவிட்டால் போதும். பயிற்சியிலேயே 200 ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

காற்றை மறந்துவிடாதீர்கள். மார்கழியில் வாடைக்காற்று முதுகில் தள்ளும். மாமல்லபுரம் வரை நாமே பெரிய வீரர் என்று தோன்றும். வடக்கே திரும்பியதும் அதே கால், அதே சைக்கிள், 18-ஐத் தாண்டாது. குழு ஓட்டத்தின் அருமை அப்போதுதான் தெரியும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருகிறவர் கொஞ்சம் இளைப்பாறலாம். ஆனால் முன்சக்கரம் முன்னவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையக் கூடாது. அவர் குழிக்கு ஒதுங்கினால் நீங்கள் கீழே. முன்னால் இருப்பவர் கையைக் கீழே காட்டி "குழி" என்று கத்தினால், நீங்களும் அதையே செய்து பின்னால் கடத்துங்கள். முறை வரும்போது ஐந்து நிமிடம் முன்னால் போய் உழையுங்கள். கடைசிவரை ஒளிந்து வருபவரை எல்லாருக்கும் தெரியும், சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

நிற்பதற்கும் பயிற்சி வேண்டும். எங்கள் குழுவில் இறங்கியதும் கடிகாரம் ஓடும், 15 நிமிடம். முதலில் பாட்டில் நிரப்பு, பிறகு ஒதுங்கு, பிறகு சாப்பிடு. டீ வர நேரமாகும் என்றால் டீ கிடையாது. மிச்சச் சாப்பாடு சைக்கிள் மேலேயே: பேரீச்சை, கடலைமிட்டாய், சட்டைப் பையில் வாழைப்பழம். பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள், அரைமணிக்கு ஒரு வாய். வெயில் ஏறியதும் வெறும் தண்ணீர் போதாது. மெடிக்கலில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுக்குக் கலக்கிக் குடியுங்கள். பூரி, பரோட்டா எல்லாம் ஓட்டத்தை முடித்துவிட்டு வந்து.

பஞ்சர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கோவளத்தில் விடிவதற்கு முன், தெருவிளக்கு வெளிச்சத்தில், புதிதாக வருகிறவரைப் பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றச் சொல்வேன். டியூப் மாட்டுவது எல்லாருக்கும் வந்துவிடும். வராதது அதற்கு முந்தைய வேலை: டயரின் உள்பக்கத்தை விரலால் ஒரு முழுச் சுற்று மெதுவாகத் தடவிப் பார்ப்பது. நம் நெடுஞ்சாலைகளில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மயிரிழைக் கம்பி ஏராளம். கண்ணுக்குத் தெரியாது, விரலில் சுருக்கென்று படும். அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று போகும். பிடுங்க ஒரு சின்ன ட்வீசர் வைத்துக்கொள்ளுங்கள், நகத்தால் வராது.

பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடாதீர்கள். கூச்சப்பட்டு இதை யாரும் சொல்வதில்லை, 120-க்கு மேல் தோல் உரிந்த பிறகுதான் தெரிகிறது.

ஒரு நீள ஓட்டத்தையாவது தனியாக ஓட்டிப் பாருங்கள். நிகழ்ச்சி நாளில் குழு 60 கி.மீ.க்குள் கலைந்துவிடும். உதவி வண்டி கூடவே வர விதி இடம் தராது, கன்ட்ரோலில் மட்டும்தான் வெளியார் உதவி. ஆனால் வழியில் சந்திக்கிற சக ஓட்டியோடு சேர்ந்து போகத் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் அங்கே கைகொடுக்கும்.

கடைசி வாரம் கால்மணி, அரைமணி லேசாக மிதித்தால் போதும். புது ஷூ, புது சீட் எதுவும் வேண்டாம். ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் மேலங்கி எல்லாவற்றையும் முந்தின இரவே எடுத்து வையுங்கள். கன்ட்ரோலில் காட்ட வேண்டிய அட்டை கொடுத்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள், வியர்வையில் மை கரைந்துவிடும். அங்கே வந்ததற்குச் சான்றாக ஏ.டி.எம். சீட்டு எடுக்கச் சொன்னால் அதில் நேரம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.