உச்சிக்கொடைக்குப் போய்ச் சேராதவன் சொல்லும் வழி

பெட்டிக்குள் என்ன வைப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் அத்தைமார் போனிலேயே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது நடுவில் விமானம் மாறும் அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி. லண்டனில் ஏறி நாங்குநேரிப் பக்கம் இறங்குவதற்கு இடையில் என் பயணம் கெட்டது அங்கேதான்.

முதலில் வளைகுடா. துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறுகிறவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. இறங்கியதும் கூட்டம் போகிற பக்கமெல்லாம் போகாமல் 'டிரான்ஸ்ஃபர்ஸ்' என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். அங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தமாட்டார்கள், கைப்பையை மட்டும் இன்னொரு முறை எக்ஸ்ரேயில் விடுவார்கள். அடுத்த விமானத்துக்கான போர்டிங் பாஸையும் கிளம்புகிற ஊரிலேயே வாங்கிவிடுங்கள். இது எல்லோருக்கும் பழகிப்போன இடம். எனக்கும் மகனுக்கும் அங்கே ஒரு குறையும் இல்லை.

சிக்கல் சொந்த நாட்டில். இந்தியாவில் எந்த ஊரில் முதலில் இறங்குகிறீர்களோ அங்கேதான் இமிகிரேஷன். லண்டனில் கடைசி ஊர்வரை பெட்டிக்கு டேக் ஒட்டியிருந்தாலும், பொதுவாக அங்கே பெல்ட்டில் இருந்து எடுத்து, சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி கொடுக்கவேண்டும். உள்நாட்டு முனையம் பல ஊர்களில் தனி. வாசலில் பாதுகாப்புப் படைக்காரர் டிக்கெட்டும் அடையாளமும் பார்த்துத்தான் உள்ளே விடுவார். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள். ஆகவே டிக்கெட்டில் இரண்டரை மணி நேரம் என்று இருந்தால் உங்கள் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். நான் இதைக் கழித்துப் பார்க்கவில்லை.

பார்க்காததற்குக் காரணம் பெரியப்பா.

2025 ஆடிக் கடைசி வெள்ளி எங்கள் சுடலைமாடன் கோயிலில் கொடை, அதாவது திருவிழா. நடுப்பகலில் நடப்பது உச்சிக்கொடை. அப்பா 2014-இல் இறந்துபோனார். அதன்பிறகு ஒரு கொடைக்கும் நான் போனதில்லை. கோயில் வரிப்பணம் மட்டும் அனுப்புவேன், அதுவும் நினைவு வந்த வருடங்களில். இந்த முறை ஜூன் மாதமே போன் வந்துவிட்டது.

"ஏல, வெள்ளிக்கெழம உச்சிக்கொடைக்கு முன்னாடி நீ கோயில்ல நிக்கணும். உங்கப்பன் நின்ன எடத்துல ஒனக்குத்தான் பரிவட்டம். வாகைக்குளத்துல எறங்கு, மருமவன் காரோட நிப்பான்."

பதினோரு வருடமாகத் தோன்றாத இந்தப் பாசம் இப்போது ஏன் என்று யோசித்தேன். கோயில் முன்மண்டபத்துக்குக் கான்கிரீட் போடுகிறார்கள் என்று தங்கச்சி பிறகு சொன்னாள். ஆனாலும் "உங்கப்பன் நின்ன எடம்" என்று ஒருவர் சொல்லும்போது மறுத்துப் பேச வாய் வருமா? "வந்துருதேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் புதன்கிழமைக்கு மேல்தான் விடுப்பு. வெள்ளி விடிகாலை 4.50-க்கு இந்தியாவில் இறங்குவது, 7.15-க்குத் தூத்துக்குடி விமானம் (அதன் விமான நிலையம் இருப்பது வாகைக்குளத்தில்). இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தேன், அறுபது பவுண்டு மிச்சம்.

அந்த அறுபது பவுண்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பிஎன்ஆரில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் ஏற்றிவிடுவது விமானக்காரர்கள் பாடு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது விமானத்துக்கு நீங்கள் யாரோ. அது மட்டுமில்லை, லண்டனில் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ என்று அடைத்துக்கொண்டு வருகிறோம். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். மீதிக்குக் கிலோ கணக்கில் பணம் கட்டவேண்டும்.

நாங்கள் இறங்கிய விமான நிலையத்தின் பெயர் வேண்டாம். அரை மணி தாமதமாக இறங்கினோம். அன்று ஆகஸ்ட் 15. சுதந்திர தினத்தை ஒட்டிய நாட்களில் எல்லா விமான நிலையங்களிலும் காவல் இறுகும், சோதனை கூடும். வெள்ளிக்கிழமையும் சேர்ந்து நீண்ட விடுமுறை வேறு. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 பக்கம் பயணம் வைத்தால் நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. நான் பழக்கத்தில் முதல் வரிசையில் போய் நின்றுவிட்டேன். மகன்தான் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டையில் சின்னக் கொடி குத்தியிருந்த ஊழியர் ஒருவர் எங்கள் பாஸ்போர்ட்டின் முகப்பைப் பார்த்து, பேசாமல் அடுத்த பக்கம் கைகாட்டினார். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிய நாளில் வராத ஏதோ ஒன்று அந்தக் கையசைவில் வந்தது. சரி, அது என் பாடு.

நாற்பது நிமிடத்தில் எங்கள் முறை. எனக்கு முத்திரை விழுந்தது. மகனின் ஓசிஐ அட்டையை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது) வாங்கிப் பார்த்த அதிகாரி, அவனைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அட்டையில் இருந்தது நான்கு வயதுக் குழந்தை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு. எதிரே நின்றவனுக்கு 21 வயது, ஆறடி, நெஞ்சுக்கு வழியும் தாடி.

விதி இதுதான், என்னைப் போல மேலோட்டமாகப் படிக்காதீர்கள். 2021-இல் தளர்த்தினார்கள். ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட்டுக்கும் அட்டையை மாற்றவேண்டாம், பழைய பாஸ்போர்ட்டைச் சுமக்கவும் வேண்டாம் என்றார்கள். நான் அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். 20 வயதுக்குமுன் ஓசிஐ வாங்கிய பிள்ளை, 20 முடிந்தபின் புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் அட்டையை ஒரு முறை மறுவெளியீடு செய்தே ஆகவேண்டும். 20-க்குள் எடுக்கும் ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும், 50-க்குமேல் ஒரு தடவையும், புதுப் பாஸ்போர்ட் நகலையும் படத்தையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும். பிரிட்டனில் சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்து வருடம். இவனுடையது இருபதரை வயதில் முடிந்து, புதிது வந்திருந்தது. நாங்கள் எதையும் ஏற்றவுமில்லை, மாற்றவுமில்லை.

ஓரத்தில் இருந்த அறைக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு முன்னால் நான்கு பேர். சுவரில் கடிகாரம் இல்லை, அதனால் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 6.05. அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"அட்டையில இருக்கிற நம்பரோட பழைய பாஸ்போர்ட் எங்கே?"

"லண்டன்ல, மேசை டிராயர்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. 6.15-க்கு வாகைக்குளம் விமானத்தின் கவுண்டரை மூடியிருப்பார்கள். அது தெரிந்தும் அடிக்கடி மணி பார்த்தேன். லண்டனில் அப்போது நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணி. மனைவியை எழுப்பி, டிராயரைத் திறக்கச் சொல்லி, பழைய பாஸ்போர்ட்டின் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ரோமிங் போட்டிருந்ததால் வந்தது. விமான நிலைய வைஃபையை நம்பி இருந்தால் அதற்கு ஓடிபி வேண்டும், ரோமிங் இல்லாதவனுக்கு ஓடிபி எங்கிருந்து வரும்? அந்தப் படத்தைப் பார்த்து, எங்கோ போன் பேசி, ஏதோ எழுதி, அடுத்த முறைக்குள் அட்டையை மாற்றியிருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 7.05. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலு வயது முகத்தைக் காட்டி ஒரு தாடிக்காரனை உள்ளே விடச் சொன்னவன் நான்தான். கோபமெல்லாம் பெரியப்பாமேல் இருந்தது.

எங்கள் பெட்டிகளைப் பெல்ட்டில் இருந்து இறக்கி ஒரு தூணோரம் நிறுத்தியிருந்தார்கள். அங்கே நின்றே போன் போட்டேன்.

"பிளைட்டு போயிட்டு பெரியப்பா."

"நாட்டுக்குள்ள வந்துட்டேல்லா?"

"வந்துட்டேன்."

"வந்தபொறவு என்னல தடங்கலு?"

இதற்கு என்ன பதில் சொல்வது?

தூத்துக்குடிக்கு அன்று வேறு இடமே இல்லை. சாயங்காலம் மதுரைக்கு இரண்டு இடம் கிடைத்தது. மருமகன் வாகைக்குளத்தில் காத்திருந்ததற்கும் சேர்த்து வாடகை பிறகு வாங்கிக்கொண்டார், அதைச் சொல்லாமல் விட மனமில்லை. அந்த ஜூலை 26-இல்தான் வாகைக்குளத்தில் புது முனையம் திறந்தார்கள். அதைப் பார்க்கும் ஆசையும் அப்படியே போனது.

இதையெல்லாம் தவிர்க்க, வழியை ஊரை வைத்து முடிவு செய்யுங்கள், சொந்தக்காரர் காரை வைத்து அல்ல. வள்ளியூர், நாங்குநேரி, களக்காடு, ராதாபுரம்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் நல்லது. வளைகுடாவிலிருந்து நேரடி விமானம், அங்கேயே இமிகிரேஷன், இரண்டாவது விமானம் என்ற பேச்சே இல்லை. மார்த்தாண்டம் வரை சாலை நெரிசல் உயிரை எடுக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று முகத்தில் அறைந்ததும் ஊர் வந்த மாதிரி. கோவில்பட்டிப் பக்கத்தாருக்கு மதுரை. துபாய், சிங்கப்பூர், கொழும்பிலிருந்து நேராக இறங்கலாம். சென்னையில்தான் இறங்கவேண்டும் என்றால் விமானத்தை மறந்துவிட்டு ரயிலைப் பாருங்கள். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷன், அங்கிருந்து நாலாவது நிறுத்தம் தாம்பரம். வந்தே பாரத்தும் நெல்லை எக்ஸ்பிரஸும் அங்கே நிற்கும். ரயிலில் உங்கள் பெட்டியை நிறுத்துப் பார்க்கப் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். அப்புறம், அடிக்கடி போகிறவர்கள் விரைவு இமிகிரேஷன் திட்டத்தில் பதிந்துவையுங்கள். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, இப்போது சென்னை, பெங்களூரு, கொச்சி என்று பல இடங்களில் இருக்கிறது, ஓசிஐகாரர்களும் சேரலாம். விசாவில் வருகிற வெளிநாட்டுக் குடிமக்களுக்கு 2025 அக்டோபர் 1 முதல் வருகை அட்டையும் இணையத்தில்தான், இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்பவேண்டும். வீட்டில் இருக்கிற எல்லாப் பாஸ்போர்ட்டையும், செல்லாததையும் சேர்த்து, இன்றைக்கே படம் எடுத்துக் கைபேசியில் வையுங்கள்.

மதுரையில் டாக்சி எடுக்கும்போது இரவு ஒன்பதரை. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி. கயத்தாறு வந்தபோது மகனை எழுப்பி, கட்டபொம்மனை 1799-இல் தூக்கிலிட்ட ஊர் இது என்றேன்.

"யாரு தூக்குல போட்டது?"

"நம்ம பாஸ்போர்ட்காரங்கதான்."

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஊருக்குள் கார் நுழையும்போது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. உச்சிக்கொடை முடிந்து அரை நாள் ஆகியிருந்தது, நள்ளிரவுச் சாமக்கொடை நடந்துகொண்டிருந்தது. கணியான் கூத்து, மகுடம் என்கிற பறையின் சத்தம் குளத்தங்கரைவரை கேட்டது. பரிவட்டம் பெரியப்பா மகன் தலையில் இருந்தது. பதினோரு வருடமாக அவன்தான் அப்பா இடத்தில் நிற்கிறான், கோயிலுக்கு எண்ணெய் ஊற்றுகிறான், எங்கள் வீட்டுக் கூரை ஓடுகளையும் அவன்தான் மாற்றிப்போட்டான். என்னைப் பார்த்ததும் அவிழ்க்கப் போனான். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியப்பா என்னைப் பார்க்கவே இல்லை. பின்னால் வந்தவனை, அப்பா செத்தபோது பத்து வயதில் பார்த்தவனை, டியூப்லைட் வெளிச்சத்துக்கு இழுத்து ஒரு நொடி பார்த்தார்.

"ஏல, அப்படியே என் தம்பி மூஞ்சில்லா."

மறுநாள் காலையில் மண்டபத்துக்கான வசூல் நோட்டு வந்தது. கொடுத்தேன், அவர்கள் கேட்டதைவிடக் கொஞ்சம் கூட.

திரும்பும்போது அல்வாவைக் கைப்பையில் வைக்காதீர்கள். நெய் கசிகிற எதையும் கூழ்ப் பொருள் என்று நிறுத்திவைப்பார்கள், பெட்டிக்குள் போடுங்கள். கருப்பட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. லண்டன் வந்த வாரமே மகனின் ஓசிஐ மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டோம். படம் எடுக்கும்போது தாடியை எடுத்துவிடச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டான்.