அயர்ன் தலையின் கழுத்தடியில் வந்த துளை

17-4 பிஎச் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகையில் வார்த்த கோல்ஃப் அயர்ன் (உலோகத் தலை கொண்ட கோல்ஃப் மட்டை) தலைகளில், ஹோசல், அதாவது மட்டையின் தண்டு செருகும் குழல், வந்து சேரும் கழுத்தடியில் ஊசிமுனைத் துளைகள் விழுந்தன. பாலிஷ் போட்ட பிறகுதான் தெரியும், அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

வாயுவால் வந்த துளை என்று நினைத்து ஷெல்லை, அதாவது மெழுகு அச்சின் மேல் பீங்கான் கூழ் பூசி, மெழுகை உருக்கி எடுத்துச் செய்யும் வார்ப்புக் கூட்டை, கூடுதல் நேரம் சுட்டேன். பலனில்லை. அறுத்து லென்ஸில் பார்த்ததும் புரிந்தது. வாயுத் துளையின் சுவர் உருண்டு வழவழப்பாக இருக்கும். இது சொரசொரப்பாக, கிளைகிளையாக இருந்தது. உலோகம் உறையும்போது சுருங்கி விழும் சுருக்கத் துளைதான்.

கேட், அதாவது உருகிய உலோகம் உள்ளே நுழையும் வாய், தலையின் அடிப்பகுதி நடுவில், 6 மி.மீ. கனத்தில் இருந்தது, கழுத்தடி 13 மி.மீ. கேட் முதலில் உறைந்துவிட்டால், கடைசியாக உறையும் கழுத்தடிக்கு உலோகம் எங்கிருந்து வரும்? கேட்டைக் கழுத்தடிக்கு நேராக மாற்றி 15 மி.மீ. ஆக்கினேன். கழுத்தடியின் கனத்தைக் குறைக்க, மெழுகு அச்சிலேயே ஹோசலுக்கு 8.5 மி.மீ. குழி விட்டு, வார்த்தபின் ரீமரால் (துளையைச் சரியான அளவுக்குப் பெரிதாக்கும் கருவி) 9.4 மி.மீ. ஆக்கினேன். அந்தக் குழியில் பீங்கான் கூழின் முதல் இரண்டு பூச்சின்போதும் காற்றுக்குமிழி தங்கக்கூடாது. தங்கினால் உள்சுவரில் உலோக மணிகள் ஒட்டும்.

ஊற்றும் வெப்பத்தை 1640-லிருந்து 1600 டிகிரி செல்சியஸுக்குக் குறைத்தேன். ஷெல் சூட்டை மட்டும் 1000 டிகிரியிலேயே விட்டேன். அதைக் குறைத்தால் பந்தை அடிக்கும் மெல்லிய முகப்பு நிரம்பாமல் போகும்.