டேங்கியில் தே தாரேக் வந்தால் டிரையரை மட்டும் திட்டாதீர்கள்

பினாங்கின் பிறையில் இருக்கும் என் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் லோரியும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸும்தான். கொஞ்ச காலமாக மோட்டார்ஹோமும் வருகிறது. ஓடி ஓய்ந்த பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே கட்டிலும் அடுப்பும் குளியலறையும் வைத்துக்கொண்ட வண்டிகள். எல்லாமே காத்து அழுத்தத்தில் பிரேக் பிடிப்பவை: கம்ப்ரஸர் அமுக்கும் காற்று, ஈரத்தைப் பிடிக்கும் ஏர் டிரையரைத் தாண்டி டேங்கியில் சேரும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். “தம்பி, ஒரே வருஷத்துல ரெண்டு தடவ ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ் மாத்திட்டேன். இன்னும் தண்ணி வருது. டூப்ளிகேட் சாமானைத் தலையில கட்டிட்டாங்க போல” என்றார்.

வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் காத்து டேங்கிக்கு அடியில் பிடித்து, வடிகால் வால்வின் கம்பியை இழுத்தேன். சீறிக்கொண்டு வந்தது தண்ணீர் இல்லை, நுரை பொங்க ஆற்றிய பால் டீ மாதிரி, ஆறிப்போன தே தாரேக். நிறமும் அதே, மேலே நுரையும் அதே. இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தால் வழவழவென்றிருந்தது. “சார், கார்ட்ரிட்ஜ் மேல தப்பு இல்ல” என்றேன். அவர் நம்பவில்லை.

அவரைப் போலத்தான் பலரும். தண்ணீர் வந்தால் டிரையர் கெட்டுவிட்டது, மாற்று. மறுபடி வந்தால் மறுபடி மாற்று. டிரையர் தானாகச் சாவது அபூர்வம். வேறு ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. அது என்னவென்று பார்க்காமல் புதுசு போட்டால் அதற்கும் அதே கதிதான்.

நம் ஊர்க் காற்றில் எவ்வளவு ஈரம் என்பதைக் கணக்காகப் பார்த்தால்தான் டிரையர் படும் பாடு புரியும். 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். பினாங்கில் இது சாதாரண நாள். அப்போது ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். கம்ப்ரஸர் அதைப் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. அமுக்கிய காற்று 40 டிகிரிக்கு ஆறும்போது அதில் 5 கிராம்தான் தங்கும். மீதி 19 கிராமும் தண்ணீராகவே விழும். பிரேக் மிதிக்க மிதிக்க, ஸ்பிரிங்குக்குப் பதில் பாடியைத் தாங்கும் காத்து பேக் ஏற இறங்க, இது நடந்துகொண்டே இருக்கும். இந்தத் தண்ணீர் டேங்கிக்குப் போகாமல் வழியில் பிடிப்பதுதான் டிரையர் வேலை.

கார்ட்ரிட்ஜுக்குள் சின்னச் சின்ன மணிகள் இருக்கின்றன. ஈரக் காற்று அவற்றின் வழியே போகும்போது ஈரத்தை மணிகள் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் மேல் அளவைத் தொட்டதும் (பல பஸ்களில் 8, 8½ பார், அதாவது 120 பி.எஸ்.ஐ சொச்சம்) அழுத்தத்தைக் கவனிக்கும் கவர்னர் என்ற வால்வு கம்ப்ரஸரின் பாரத்தை இறக்கிவிட்டு, டிரையரின் அடி வால்வையும் திறந்துவிடும். ‘புஸ்ஸ்’ என்று கேட்கிறதே, அதுதான். தேங்கிய தண்ணீர் வெளியே அடித்துக்கொண்டு போனபின், ஏற்கெனவே காய்ந்த காற்றில் கொஞ்சம் மெல்லப் பின்னோக்கி வந்து மணிகளைக் காயவைக்கும். இதற்கு அரை நிமிடமாவது வேண்டும். மணிகளுக்குக் கிடைக்கும் ஓய்வு அந்த அரை நிமிடம்தான்.

ஆசிரியர் வண்டியில் அந்த ஓய்வே இல்லை. இன்ஜினை ஐட்லிங்கில் விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். பிரேக்கைத் தொடவே இல்லை, ஆனாலும் நாற்பது விநாடிக்கு ஒரு புஸ். “அடிக்கடி அடிக்குதே, டிரையர் நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சேன்” என்றார். அங்கேதான் கோளாறே. யாரும் செலவழிக்காத காற்று எங்கே போகிறது? சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனதில் பின் வலது காத்து பேக்கின் மடிப்பில் ஒரு வெடிப்பு குமிழி விட்டது. படிக்கட்டுக்கு யாரோ பின்னால் சேர்த்த காத்துக் குழாயின் இணைப்பிலும் கசிவு. இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, மீட்டரைப் பார்த்தால் முள் கண்ணெதிரே இறங்கியது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கனரக லைசன்ஸுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கில், டிரெய்லர் இழுக்காத தனி வண்டிக்கு நிமிடத்துக்கு 2 பி.எஸ்.ஐக்கு மேல் இறங்கக் கூடாது. நானும் அதையேதான் வைத்துக்கொள்கிறேன்.

கசிவு இருந்தால் கம்ப்ரஸருக்கு ஓய்வு இல்லை. ஓய்வில்லாத கம்ப்ரஸர் கொதிக்கும், கொதித்தால் எண்ணெயைக் காற்றோடு சேர்த்துத் தள்ளும். அந்த எண்ணெய் மணிகளின் மேல் படிந்தால் அவை ஈரம் பிடிப்பதை விட்டுவிடும். தண்ணீரைக் காயவைக்கலாம், எண்ணெயைக் காயவைக்க வழியில்லை. தே தாரேக் நிறம் இப்படித்தான் வந்தது. இரண்டு கார்ட்ரிட்ஜுக்குக் கொடுத்த காசும் ஒரு ரப்பர் வெடிப்பு வழியாகப் போயிருக்கிறது.

கம்ப்ரஸரிலிருந்து டிரையருக்கு வரும் குழாயையும் கழற்றிப் பார்த்தோம். உள்ளே கரி, சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு. இந்தக் குழாயை யாரும் கண்டுகொள்வதே இல்லை. சூடான காற்று ஆறுவதற்காகத்தான் அதை நீளமாகவும், தண்ணீர் தேங்காமல் டிரையர் பக்கம் சரிவாகவும் போட்டிருப்பார்கள். இடம் போதவில்லை என்று குட்டையாக வெட்டிப் போடுவது பெரிய தவறு. 70, 80 டிகிரிக்கு மேல் சூடாகக் காற்று உள்ளே வந்தால் மணிகளால் ஈரத்தைப் பிடிக்க முடியாது. ஈரம் ஆவியாகவே தாண்டிப் போய் டேங்கியில்தான் தண்ணீராகும்.

மோட்டார்ஹோம்காரர்களுக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது, லோரிக்காரர் யாரும் இதைச் செய்வதில்லை. வண்டி மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நிற்கும். பேட்டரிக்கு நல்லது என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டார்ட் போட்டு, ஐந்து நிமிடம் விட்டு, அணைத்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விடுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கம்ப்ரஸர் ஈரக் காற்றை உள்ளே தள்ளியிருக்கும். அழுத்தம் மேல் அளவை எட்டியிருக்காது, புஸ் வந்திருக்காது, மணிகளும் காய்ந்திருக்காது. அடுத்த ஞாயிறு அதே ஈரத்தின் மேல் இன்னொரு ஈரம். பத்து வாரம் இப்படிச் செய்தால் ஓடாத வண்டியின் டிரையர் ஓடுகிற வண்டியின் டிரையரைவிட நனைந்திருக்கும். ஸ்டார்ட் போடுவதென்றால் பட்டர்வொர்த் வரைக்குமாவது ஓட்டிவிட்டு வாருங்கள், அரை மணி, முக்கால் மணி நேரம். நேரமில்லை என்றால் ஸ்டார்ட்டே போட வேண்டாம், பேட்டரிக்குத் தனியாகச் சார்ஜர் மாட்டுங்கள்.

“டிரையர்தான் இருக்கே, டேங்கியை ஏன் திறக்கணும்?” என்று கேட்பவர்களும் உண்டு. டிரையர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்வதே டேங்கிதான். மாதம் ஒரு தடவை ஒவ்வொரு டேங்கியாகத் திறந்து, வெள்ளை டப்பாவில் பிடித்துப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் சந்தோஷம். இரண்டு சொட்டு என்றால் பயமில்லை. தெளிந்த தண்ணீர் ஒரு கரண்டி வந்தால் டிரையர் களைத்துவிட்டது. பழுப்பு வழவழப்பு என்றால் முதலில் கசிவையும், பிறகு கம்ப்ரஸரையும் பாருங்கள். வெள்ளைப் பொடி வந்தால் மணிகள் உடைந்து தூளாகிவிட்டன. உடனே நிறுத்தி, குழாய்களையும் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பொடி பிரேக் வால்வுகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். டேங்கியில் தண்ணீர் நின்றால் அந்த அளவுக்குக் காற்றுக்கு இடம் குறைகிறது என்பதையும் மறக்கக் கூடாது. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் பக்கம் இறங்கும்போது, வளைவுக்கு வளைவு பிரேக் மிதிக்கையில், அந்தக் குறை எப்படிப்பட்டது என்று தெரியும்.

பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்றி வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டலாமா என்று ஒருவர் கேட்டார். ஊறுகாயா போடுகிறோம்? ஹாஃப்கட் என்னும் பழைய சாமான் கடையில் கிடைக்கும் கார்ட்ரிட்ஜும் இதே கதைதான்: மூடி இல்லாமல் அலமாரியில் கிடந்த நாளெல்லாம் மணிகள் கடையின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்திருக்கும். புதியதை வாங்கினாலும் மாட்டுகிற நிமிடம் வரை உறையைப் பிரிக்காதீர்கள். எண்ணெய் பிரிக்கும் வகை என்று தனியாக ஒன்று உண்டு, விலை கூட. வண்டியில் முதலில் அது இருந்திருந்தால் அதையே போடுங்கள். வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருக்கிறதே என்று சாதாரண வகையை மாட்டினால் மரை பொருந்தும், மற்றது பொருந்தாது.

எப்போது மாற்றுவது? ஊருக்குள் ஓடும் பஸ் என்றால் வருடத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலை வண்டி என்றால் இரண்டு வருடம். மோட்டார்ஹோம் கிலோமீட்டர் அதிகம் ஓடாது என்பதால் ஐந்து வருடம் விடலாம் என்று நினைக்க வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் விடக் கூடாது. மாற்றும்போது அடி வால்வின் ரப்பர்களையும் சேர்த்து மாற்றுங்கள். கார்ட்ரிட்ஜ் புதுசு, அடி வால்வு பழசு என்றால் சேறு பிடித்த அந்த வால்வு மூடாமல் ஒழுகும், மறுபடி டிரையர்மேல் பழி விழும்.

முகாம் போடும் இடத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் புஸ் சத்தத்துக்குப் பயப்படுகின்றன என்று ஒருவர் அடி வால்வின் வாயில் நீளமான ஹோஸை மாட்டி, அதன் முனையில் துணியைத் திணித்திருந்தார். தண்ணீரும் எண்ணெயும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றன. சத்தம் குறைக்க அதற்கென்றே சைலன்சர் விற்கிறார்கள், அதை வாங்கி மாட்டுங்கள். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய கையேட்டைப் படித்துவிட்டு, உறையாமல் இருக்க ஆல்கஹால் ஊற்றலாமா என்று கேட்டவரும் உண்டு. தண்ணீர் உறைவது நம் கவலை இல்லை. அதை ஊற்றினால் வால்வுகளின் ரப்பருக்குத்தான் கேடு.

நீங்களே மாற்றுவதாக இருந்தால், கீழே போகும் முன் சொல்ல வேண்டியது ஒன்று. இந்த வேலைக்குக் காற்றை முழுக்க இறக்க வேண்டும். டேங்கி காலியானால் பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும், அது சரிதான். ஆனால் காத்து பேக்குகளும் இறங்கும், அவை இறங்கினால் பத்து டன்னுக்கு மேல் இருக்கும் பாடி கீழே உட்காரும். அடியில் தலை நுழையும் இடம்கூட மிஞ்சாது. ஜாக் மட்டும் போதாது, சேஸிக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான் நான் உள்ளே படுப்பேன், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு. டேங்கி மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் டிரையருக்குள் கொஞ்சம் அழுத்தம் நிற்கலாம், அதனால் கார்ட்ரிட்ஜை முதலில் அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, சீறல் அடங்கும்வரை காத்திருங்கள். முகத்தை நேராக வைக்காதீர்கள். சாவியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது வழக்கம். மாமாக் கடையில் தே குடித்துவிட்டு வரும் வண்டிக்காரர், “ஒரு தடவ ஸ்டார்ட் போட்டுப் பாக்கட்டா?” என்று ஏறி உட்கார்ந்துவிடுவார்.