-ஓ2 போட்டதும் தசமக் கணக்கு பிசகுகிறதா? எஃப்எம்ஏ-வைப் பிடிக்கும் வழி

எக்ஸ், ஒய் இரண்டும் டபுள் (சி மொழியின் 64-பிட் தசம எண் வகை), இரண்டின் மதிப்பும் 0.1. எக்ஸ்*எக்ஸ் - ஒய்*ஒய் பூஜ்யம்தானே? 64-பிட் ஆர்ம் கணினியில் ஜிசிசி கம்பைலருக்கு -ஓ2 (நிரலை வேகப்படுத்தும் ஆப்ஷன்) கொடுத்தால் சுமார் 8.3 × 10⁻¹⁹ மிஞ்சும். அது மைனஸாக வந்து, அதற்கு வர்க்கமூலமும் எடுத்தால் விடை என்ஏஎன், அதாவது 'எண்ணே அல்ல'.

முதலில் இதைத் தனியாக வரவழையுங்கள். பலர் சறுக்கும் இடமே இதுதான். மதிப்புகளை அதே ஃபைலில் எழுதினால் கம்பைலரே கணக்கை முடித்துப் பூஜ்யத்தை வைத்துவிடும், பிழை மாயமாகிவிடும். கணக்குப் போடும் ஃபங்ஷனைத் தனி ஃபைலில் வைத்து, மதிப்பை வெளியிலிருந்து அனுப்புங்கள்.

அடுத்து, விடையை பிரின்ட்எஃப்-இல் %ஏ கொண்டு அச்சிடுங்கள். %எஃப் ஆறு இலக்கத்தோடு நின்று வித்தியாசத்தை விழுங்கிவிடும். %ஏ எல்லா பிட்டையும் காட்டும். -ஓ0 (வேகப்படுத்தாமல்), -ஓ2 இரண்டின் வெளியீட்டையும் டிஃப் போட்டு ஒப்பிடுங்கள்.

வித்தியாசம் இருந்தால் -ஓ2-வோடு -எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் சேர்த்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் ஆள் எஃப்எம்ஏ: பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக்கி, கடைசியில் ஒருமுறை மட்டும் முழுமையாக்குவது (ரவுண்டிங்). மேலே ஒரு பெருக்கல் முழுமையாக்கப்பட்டது, மற்றது துல்லியமாகவே இருந்தது; மிஞ்சியது அந்த இடைவெளி. எஃப்எம்ஏ தனியாகப் பார்த்தால் அதிகத் துல்லியமானது என்பதுதான் வேடிக்கை.

உறுதிசெய்ய, கம்பைல் ஆன ஃபைலின் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் -டி போட்டு எஃப்எம்சப், எஃப்என்எம்சப் என்ற ஆர்மின் எஃப்எம்ஏ கட்டளைகளைத் தேடுங்கள். எக்ஸ்86-64-இன் அடிப்படைக் கட்டளைகளில் எஃப்எம்ஏ கிடையாது. அதனால் அங்கே தேறும் டெஸ்ட் ஆர்மில் விழும். -மார்ச்=நேட்டிவ் (இருக்கும் சிப்பின் எல்லாக் கட்டளைகளையும் பயன்படுத்து) போட்டால், 2013-இல் வந்த ஹாஸ்வெல் முதலான இன்டெல் சிப்களிலும் விழலாம்.

பெரிய புராஜெக்டா? பாதி ஃபைல்களை -ஓ0-விலும் மீதியை -ஓ2-விலும் கம்பைல் செய்து இணையுங்கள். பிழை இருக்கும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 64 ஃபைல் என்றால் ஆறு சுற்று. ஜிடிபி என்ற டீபக்கரைவிட இதுவே வேகம். -ஓ2-வில் பாதி மாறிகளை ஜிடிபி காட்டாது.

கான்ட்ராக்ட்=ஆஃப் உதவவில்லையா? கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் -எஃப்ஃபாஸ்ட்-மேத் ஒளிந்திருக்கிறதா பாருங்கள். அது கூட்டல் வரிசையையே மாற்றும். கஹான் கூட்டலின் (முழுமையாக்கலில் விட்டுப்போவதைத் திருத்திக்கொண்டே கூட்டும் முறை) திருத்தத்தைப் பூஜ்யம் என்று அடித்துவிடும், என்ஏஎன் சோதனையையும் நீக்கிவிடும்.

பின்சேர்க்கை: 32-பிட் எக்ஸ்86-இல் பிரின்ட்எஃப் சேர்த்ததும் பிழை மறைந்தால், காரணம் எக்ஸ்87 என்ற பழைய தசமக் கணக்குப் பகுதியின் 80-பிட் ரெஜிஸ்டர்; அதிலுள்ள மதிப்பு நினைவகத்துக்குப் போகும்போதுதான் 64-பிட்டாகக் குறுகும். மாறிகளை நினைவகத்துக்கே அனுப்பும் -எஃப்ஃப்ளோட்-ஸ்டோர் வெறும் ஒட்டுவேலை. எக்ஸ்87-ஐ விட்டு எஸ்எஸ்இ கட்டளைகளில் கணக்குப் போட -எம்எஸ்எஸ்இ2 -எம்எஃப்பிமேத்=எஸ்எஸ்இ போடுங்கள்.