மோட் மென்டனின் நொதியச் சோதனை, கொழும்பு வகுப்பறையில்

கனேடியரான மோட் மென்டன் 1913இல் பெர்லினில் லியோனோர் மிக்கேலிசுடன் அளந்தது மதுவத்திலுள்ள, சீனியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைக்கும் இன்வேட்டேசு நொதியத்தை. சீனியின் செறிவு கூடக்கூட நொதியத்தின் வேகம் எப்படி மாறும் என்று சொல்லும் அவருடைய சமன்பாட்டை உயர்தர மாணவர்கள் மனப்பாடம் செய்வதோடு நிறுத்துகிறார்கள். கண்ணால் பார்த்தால் அது மறக்காது.

பேக்கரி உலர்மதுவம் 5 கிராமை 50 மி.லீ. வெதுவெதுப்பான நீரில் கரைத்து 20 நிமிடம் விடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். சீனிக்கரைசல் 0.5, 1, 2, 4, 8 சதவீதத்தில் தயாரித்து, ஒவ்வொன்றிலும் 2 மி.லீ.க்கு 1 மி.லீ. மதுவநீர் சேருங்கள். கொழும்பு வெப்பத்துக்கு நீர்த்தொட்டி தேவையில்லை. சரியாக 5 நிமிடத்தில் குளுக்கோசை நிறத்தால் காட்டும் பெனடிக்ற் கரைசல் 2 மி.லீ. ஊற்றுங்கள். அதிலுள்ள சோடியம் காபனேற்று நொதியத்தை நிறுத்திவிடும். மென்டனும் காரம் சேர்த்துத்தான் நிறுத்தினார். பிறகு கொதிநீரில் 5 நிமிடம்.

நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போகும். 4க்கும் 8க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது: நொதியம் சீனியால் நிரம்பிவிட்டது, அதற்குமேல் வேகம் அதிகம் கூடாது.

சிவப்புச் சீனி வேண்டாம். அதிலேயே குளுக்கோசு இருப்பதால் மதுவமில்லாமலே நிறம் மாறும். கொதிக்கவைத்து நொதியத்தைச் செயலிழக்கச் செய்த மதுவநீரோடு ஒரு குழாயைக் கட்டாயம் வையுங்கள். அது நீலமாகவே இருக்கவேண்டும்.